இரண்டாம் வகுப்பு, மூன்று பருவம்

ஜூன் 10, செவ்வாய்

கோகிலா நேற்று வேலூருக்குப் போய்விட்டாள். பெண் காவலர் பயிற்சி, ஏழு மாதம். போகும்போது இந்த நோட்டை என் கையில் கொடுத்தாள். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் அவளே எண் போட்டிருக்கிறாள். எதற்கு என்று கேட்டேன்.

"நடுவுல ஒண்ணும் கிழிக்காம இருப்பீங்கன்னுதான்" என்றாள்.

வேலை இதுதான். எங்கள் மகள் மிருதுளாவுக்குப் பள்ளிக்கூடத்தில் அன்றன்று என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று பாடவாரியாக எழுதிவைக்க வேண்டும். "சாப்பிட்டா, தூங்குனான்னு எழுதி வெக்காதீங்க. நான் வந்து படிச்சா, அவகூட நானும் அந்த வகுப்புல உக்காந்திருந்த மாதிரி இருக்கோணும்."

நான் ஐ.டி.ஐ. படித்தவன். தாராபுரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். "5 எச்.பி., சாமியப்பன் தோட்டம், சனிக்கிழமை" என்று அட்டையில் எழுதி மோட்டாரில் கட்டித் தொங்கவிடுவதைத் தாண்டி எழுதிப் பழக்கமில்லை. இருந்தாலும் ஆரம்பிக்கிறேன்.

தமிழ்: படம் பார்த்துக் கதை சொல்வது. ஒரு முயல், ஒரு கிணறு. மிருதுளா கிணற்றில் மோட்டார் ரிப்பேர் என்று சொன்னாளாம்.
கணக்கு: ஒன்றிலிருந்து ஐம்பது வரை, பழையதுதான்.
ஆங்கிலம்: ஒரு பாட்டு. பாதி புரியவில்லை, அவளுக்கும் எனக்கும்.
சூழ்நிலையியல்: என் குடும்பம்.

ஜூன் 12, வியாழன்

இரட்டைச் சடை பின்னக் கற்றுக்கொண்டேன். வலது பக்கம் சரியாக வந்தது. இடது பக்கம் காதுக்கு மேலே ஏறிவிட்டது. "பரவால்லீங்கப்பா, கிளாஸ்ல நான் சுவத்தோரமாத்தான் உக்காருவேன்" என்று சொல்லிவிட்டாள்.

கணக்கு: பத்துக் கட்டு. பத்துக் குச்சியைக் கட்டினால் ஒரு பத்து, தனியாக நின்றால் ஒன்றுகள். வீட்டில் குச்சி இல்லை என்று கடையிலிருந்து செம்புக் கம்பியைத் துண்டு துண்டாக நறுக்கிக் கொடுத்தேன். ரெஜினா டீச்சருக்குப் பிடித்துப்போய் வகுப்பு முழுவதற்கும் கேட்டு அனுப்பியிருக்கிறார்.

காலையில் போர்வை துவைத்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

நாலு மணிக்குக் கோகிலா கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பதினைந்து நிமிடம் பேசலாமாம். அஞ்சு மணிக்கு எழுப்பி ஓடவிடுகிறார்களாம், குதிகாலில் கொப்புளமாம். இங்கே எப்படி என்றாள். எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்றேன்.

நேற்றும் இன்றும் போர்வை துவைத்தேன். நல்ல வெயில், சீக்கிரம் காய்ந்துவிட்டது.

ஜூன் 24, செவ்வாய்

கணக்கு: அளவைகள். அடியால் அளப்பது. வீட்டு நடை எத்தனை அடி என்று அளந்து, நான், அப்பா, அம்மா என்று மூன்று கட்டத்தில் எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கு இருபத்தாறு, எனக்குப் பதினாறு. அம்மா கட்டத்தை விட்டுவிடு, டீச்சருக்குத் தெரியும் என்றேன். அவள் கேட்கவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து கோகிலாவின் பழைய செருப்பை எடுத்துவந்து ஒன்றன்முன் ஒன்றாக வைத்து அளந்தாள். பத்தொன்பது. "அம்மா (செருப்பு)" என்று எழுதினாள்.

டீச்சர் சரி போட்டிருக்கிறார்.

ஜூலை 17, வியாழன்

சூழ்நிலையியல்: செடியின் பாகங்கள். வேரோடு ஒரு செடி வேண்டுமாம். காலை எட்டேகாலுக்குச் சொல்கிறாள். அடுத்த தெருவில் இருக்கும் என் அக்கா வசந்தாமணி வீட்டுக்கு ஓடினேன். அவள் வைத்த தக்காளி நாற்றில் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டேன்.

அக்கா நாற்றுக்காகத் திட்டவில்லை. "ஆம்பள ஒருத்தன் புள்ளைக்குச் சடை பின்னீட்டு, செடி தேடீட்டுத் திரியறே. ஊரு பேசுது. புள்ள ஏங்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லு, அவ பொட்டியத் தூக்கீட்டு வந்துருவா" என்றாள்.

"புள்ள ஏங்கலையேக்கா" என்றேன்.

இலை, தண்டு, வேர். பூ இல்லாததால் டீச்சர் வரைந்துகொள்ளச் சொன்னாராம்.

போர்வை.

ஆகஸ்ட் 6, புதன்

இனமாற்றம். இந்தச் சொல்லை இதற்கு முன் நான் கேள்விப்பட்டதே இல்லை. நாற்பத்திரண்டிலிருந்து பதினேழு போக வேண்டும். ரெண்டிலிருந்து ஏழு போகாது. ஆகவே ஒரு பத்துக் கட்டைப் பிரித்து ஒன்றுகளாக்க வேண்டும். நான் விரலை மடக்கி விடையை மட்டும் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "விடை முக்கியமில்லீங்கப்பா. எப்புடி வந்துதுன்னு சொல்லோணும்." கம்பிக் கட்டை எடுத்து, ரப்பர் பேண்டைக் கழற்றி, எனக்கு மூன்று தடவை செய்து காட்டினாள். மூன்றாம் தடவை புரிந்தது.

பிறகு எனக்குப் பத்துக் கணக்கு கொடுத்தாள். ஒன்பது சரி.

செப்டம்பர் 4, வியாழன்

தமிழ்: ண, ன, ந. வித்தியாசம் கண்டுபிடிப்பது. படித்த ருசியில் என் நோட்டையே எடுத்துப் பார்த்திருக்கிறாள். ஆகஸ்டில் "கவணம்" என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறேனாம். சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டு, கீழே "ன" என்று ஐந்து தடவை எழுதச் சொன்னாள். எழுதினேன்.

ன ன ன ன ன

செப்டம்பர் 26, வெள்ளி

முதல் பருவம் முடிந்தது. பெற்றோர் கூட்டம். இருபத்திரண்டு அம்மாக்களுக்கு நடுவில் நான் ஒருவன். ரெஜினா டீச்சர் விடைத்தாளைக் காட்டினார். கணக்கு நன்றாக இருக்கிறது, வாசிப்பு நன்றாக இருக்கிறது, ஆங்கிலத்தில் எழுத்து தலைகீழாக விழுகிறது.

"வீட்ல யாருங்க சார் சொல்லிக்குடுக்கறீங்க?" என்று கேட்டார்.

"அவதாங்க எனக்கு" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் தமாஷுக்குச் சொல்லவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

இரண்டாம் பருவம். சூழ்நிலையியல்: நமக்கு உதவுபவர்கள். செவிலியர், தூய்மைப் பணியாளர், காவலர். காவலர் படம் வந்ததும் மிருதுளா எழுந்து நின்றுகொண்டாளாம். அப்புறம் தபால்காரர்.

மாலையில் கூட்டிவரப் போனபோது டீச்சர் சிரித்துக்கொண்டே சொன்னார். "தபால்காரர் கடிதம் குடுத்தா என்ன செய்வோம்னு கேட்டேன். எல்லாரும் பிரிச்சுப் படிப்போம்னாங்க. உங்க பொண்ணு மட்டும், அப்பா ட்ராயர்ல வெச்சுப் பூட்டிருவாங்க, அம்மா தேடுவாங்கன்னு சொல்றா."

நானும் சிரித்தேன்.

கணக்கு: வடிவங்கள். ஆங்கிலம்: நடத்தவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

இதை எழுதாமல் விட்டால் இந்த நோட்டுக்கு அர்த்தமில்லை. எண் போட்ட பக்கம், கிழிக்கவும் முடியாது.

மே மாதம் கோகிலாவின் அழைப்புக் கடிதம் கடை முகவரிக்கு வந்தது. தபால்காரர் தங்கராசு என் கையில்தான் கொடுத்தார். லீவு நாள் என்பதால் மிருதுளா கடையில் இருந்தாள். கவரைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ட்ராயரைத் திறந்து கம்பிச் சுருளுக்கு அடியில் வைத்தேன். நாளைக்குக் கொடுக்கலாம் என்று. ஆறு நாள் அப்படியே போயிற்று. கோகிலா தபால் ஆபீசுக்கு நடையாய் நடந்தாள். ஒருநாள் ரோட்டிலேயே தங்கராசுவைப் பிடித்துக்கொண்டு, "ஒரு லெட்டரு குடுக்க உங்குளுக்கு இத்தனை நாளாங்" என்று சத்தம் போட்டாள். அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் கீழே பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்குச் சாயங்காலம்தான் கொடுத்தேன், இப்போதுதான் வந்தது என்று.

இன்னும் நாலு நாள் வைத்திருந்தால் சேரும் தேதி போயிருக்கும்.

தமிழ்: எதிர்ச்சொல். உள்ளே, வெளியே. மேலே, கீழே.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அக்கா வீட்டில் சாப்பாடு. மிருதுளா மத்தாப்பு மட்டும் கொளுத்தினாள்.

அக்டோபர் 26, ஞாயிறு

போனை ஸ்பீக்கரில் வைத்திருந்தேன். மிருதுளா வகுப்புக் கதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். காவலர் படத்துக்கு எழுந்து நின்றதைச் சொன்னாள். கோகிலா சிரித்தாள். அப்புறம், "அம்மா, உங்க லெட்டர அப்பா ட்ராயர்ல வெச்சிருந்தாங்கல்ல, அதச் சொன்னேனுங்க. எல்லாரும் சிரிச்சாங்க" என்றாள்.

போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"எத்தனை நாளுங்க?"

"ஆறு."

"நான் தங்கராசண்ணன்கிட்ட சண்டை போட்டன்னிக்கு உங்ககிட்டத்தான் இருந்துச்சா?"

"ஆமா."

"ஏனுங்க?"

என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் யாரோ நேரமாச்சு என்று கூப்பிடும் சத்தம் கேட்டது. வைத்துவிட்டாள்.

நவம்பர் 2, ஞாயிறு

மிருதுளாவிடம் பன்னிரண்டு நிமிடம் பேசினாள். போனை எனக்குக் கொடுக்கச் சொல்லவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

இன்றும் அப்படித்தான்.

வாரத்தில் நடந்தது. கணக்கு: இரண்டாம் வாய்ப்பாடு. தமிழ்: விடுகதை. சூழ்நிலையியல்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது. ஒரு விடுகதைக்கு விடை தெரியாமல் இருவரும் முழித்தோம். கோகிலா உடனே சொல்லியிருப்பாள்.

நவம்பர் 12, புதன்

திங்கள் மதியத்திலிருந்து மிருதுளாவுக்குக் காய்ச்சல். இன்று நூற்றிரண்டு. டாக்டரிடம் காட்டி ரத்தம் எடுத்தாயிற்று. கடை திறக்கவில்லை. கஞ்சி இரண்டு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை. "பள்ளிக்கூடத்துல இன்னிக்கு என்ன நடந்துதுன்னு நோட்டுல என்னங்கப்பா எழுதுவீங்க?" என்று கேட்டாள். டீச்சரைக் கேட்டு எழுதுகிறேன் என்றேன்.

அக்கா வந்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேலயும் சொல்லாம இருந்தா நீ மனுசனே இல்ல. இப்பவே கூப்புடு. புள்ளைக்கு ரொம்ப மோசம்னு சொல்லு, அப்பத்தான் விடுவாங்க" என்றாள்.

டாக்டர் மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் அப்படிச் சொன்னால் கோகிலா வந்துவிடுவாள். என்மேல் இருக்கும் கோபமெல்லாம் மகள் பக்கத்தில் உட்கார்ந்ததும் கரைந்துவிடும். அப்படி ஒரு நினைப்பு வந்தது. சொல்லாமலே விட்டுவிட்டால் அவள் பயிற்சி கெடாது என்றும் ஒரு நினைப்பு. இரண்டுமே ட்ராயரில் வைப்பதுதான்.

நவம்பர் 13, வியாழன்

ரத்தத்தில் டெங்கு இல்லை. வைரல் காய்ச்சல் என்றார் டாக்டர், ஐந்து நாள் இருக்குமாம்.

பத்து மணிக்குப் பயிற்சிப் பள்ளி ஆபீசுக்குப் போன் செய்தேன். ஒரு பெண் இன்ஸ்பெக்டர் எடுத்தார். ரொம்ப சீரியஸா என்று கேட்டார். "இல்லீங்க மேடம். ஆனா அவளுக்குத் தெரிஞ்சாகோணும்" என்றேன். கொஞ்ச நேரம் கழித்துக் கோகிலா மூச்சு வாங்க லைனில் வந்தாள்.

"மிதுவுக்கு என்னாச்சுங்க?"

"நாலு நாளாக் காய்ச்சல். நேத்து நூத்தி ரெண்டு, இன்னிக்கு நூத்தி ஒண்ணு. டெங்கு இல்லை. மாத்திரை குடுக்கறேன். சாப்பாடு சரியா எறங்கலை." நிறுத்தினால் சொல்லாமல் போய்விடுவேன் என்று அதே மூச்சில் போர்வையைப் பற்றியும் சொன்னேன். "நீ போனதுல இருந்து படுக்கையில ஒண்ணுக்குப் போயிடறா. தினமும் இல்லை, வாரத்துக்கு மூணு நாலு நாளு. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் எல்லாம் நல்லா இருக்குதுன்னு உங்கிட்டப் பொய் சொன்னேன்."

அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. "வந்துரட்டுங்களா?"

"வான்னும் சொல்லலை, வேண்டாமுன்னும் சொல்லலை கோகிலா. இருக்கறத இருக்கற மாதிரி சொல்லீட்டேன். நீ முடிவு பண்ணு."

"லீவு நாளு அதிகமாப் போச்சுன்னா அடுத்த பேட்ச்சுலதான் சேரோணும்."

"தெரியும்."

"டாக்டர் நம்பரச் சொல்லுங்க" என்றாள். சொன்னேன்.

அரைமணி நேரத்தில் மறுபடி கூப்பிட்டாள். டாக்டரிடம் பேசிவிட்டாளாம். வரவில்லை. காய்ச்சல் நிற்கும்வரை தினமும் மத்தியானம் இரண்டு நிமிடம் பேச இன்ஸ்பெக்டர் ஒத்துக்கொண்டாராம். வைக்கும்போது, "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

பதினெட்டு நாளைக்குப் பிறகு என்னைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி.

நவம்பர் 16, ஞாயிறு

காய்ச்சல் விட்டது. ரெண்டு தோசை சாப்பிட்டாள்.

கோகிலா முதலில் மகளிடம் பேசினாள், பிறகு போனை எனக்குக் கொடுக்கச் சொன்னாள். "அன்னிக்கு ஏனுங்கன்னு கேட்டேன். நீங்க பதிலே சொல்லலை" என்றாள்.

"பயம்."

"நான் திரும்பி வர மாட்டேன்னா?"

"அது இல்லை. நீ போயிட்டா இந்த வூட்ல எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்கறது எல்லாத்துக்கும் தெரிஞ்சுரும்னு."

"தெரிஞ்சுருச்சா?"

"ஜூன் மாசமே தெரிஞ்சுருச்சு."

சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பிறகு, "தங்கராசண்ணனப் பாத்து நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லோணும். நீங்களும் கேக்கோணும்" என்றாள்.

நவம்பர் 18, செவ்வாய்

கேட்டேன். தங்கராசு சைக்கிளை நிறுத்திக் கேட்டுக்கொண்டார். "எனக்கு அன்னிக்கே தெரியும் நாச்சிமுத்து. எப்பிடியும் குடுத்துருவீங்கன்னுதான் நான் சொல்லலை" என்றார். எனக்கே அப்போது அவ்வளவு உறுதியாகத் தெரியாது என்று அவரிடம் சொல்லவில்லை.

மிருதுளா இன்று பள்ளிக்குப் போனாள். விட்டுப்போன பாடத்தை ரெஜினா டீச்சரிடம் கேட்டு வந்தேன். கணக்கு: ஐந்தாம் வாய்ப்பாடு. தமிழ்: ஒரு எறும்புக் கதை. சூழ்நிலையியல்: நல்ல பழக்கங்கள்.

டிசம்பர் 11, வியாழன்

போர்வை ஒன்பது நாளாகக் கொடிக்குப் போகவில்லை. அவளிடம் இதைப் பற்றி எதுவும் பேசக் கூடாது என்று கோகிலா உத்தரவு. இங்கே மட்டும் எழுதிக்கொள்கிறேன்.

ஆங்கிலம்: எழுத்து நேராகிவிட்டது. "பி"யும் "டி"யும் இப்போது அதனதன் பக்கம் பார்க்கின்றன.

டிசம்பர் 23, செவ்வாய்

இரண்டாம் பருவம் முடிந்தது. அக்கா மிருதுளாவுக்குச் சடை பின்ன வந்தாள். பின்னியதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு மிருதுளா, "அப்பா பின்னறதுதான் நல்லா இருக்குதுங்கத்தை" என்றாள். அக்கா என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது.

ஜனவரி 6, செவ்வாய்

மூன்றாம் பருவம். கணக்கு: கடிகாரம். அட்டையில் வட்டம் வெட்டி, தகர முள் செய்து, நடுவில் ஆணி அடித்துக் கொடுத்தேன். சின்ன முள், பெரிய முள், அரை மணி வரை நானே சொல்லிக்கொடுத்தேன். இந்த ஒன்றாவது எனக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது.

ஜனவரி 10, சனி

வேலூர். பயிற்சி நிறைவு அணிவகுப்பு. மைதானத்தில் எல்லோரும் ஒரே காக்கி, ஒரே தொப்பி, ஒரே நடை. அம்மா எங்கே என்று மிருதுளா கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கும் தெரியவில்லை. ஏழு மாதத்தில் கோகிலா கறுத்து, மெலிந்து, நிமிர்ந்திருந்தாள். முடிந்து எங்களைத் தேடி வந்தபோதுதான் நடையை வைத்துக் கண்டுபிடித்தேன்.

மிருதுளா ஓடவில்லை. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். கோகிலா மண்டியிட்டுக் கையை நீட்டினாள். கொஞ்ச நேரம் நீட்டியபடியே இருந்தாள். "சல்யூட் அடிங்க, பாக்கலாம்" என்றாள் மிருதுளா. அடித்ததும் போனாள்.

ஜனவரி 12, திங்கள்

கோகிலா வீட்டில். பொங்கல் முடிந்ததும் திருப்பூரில் வேலைக்குச் சேர வேண்டும். வாரத்துக்கு ஒரு நாள்தான் வர முடியும் போலிருக்கிறது.

நேற்று முழுவதும் இந்த நோட்டைப் படித்தாள். மிருதுளாவை எப்போதும் நானே எழுப்பி, நானே ஊட்டி, நானே கிளப்பிப் பழகிவிட்டதால் கோகிலாவுக்கு எதைத் தொடுவது என்று தெரியவில்லை. அதனால் உட்கார்ந்து படித்தாள். சில இடத்தில் சிரித்தாள். அக்டோபர் பக்கத்தை இரண்டு தடவை படித்தாள். முடித்துவிட்டு என்னிடம் கொடுத்தாள்.

"வகுப்புல உக்காந்திருந்த மாதிரி இருந்துதுங்களா மேடம்?"

"கடைசி பெஞ்சுல" என்றாள். பிறகு, "மிச்சப் பக்கம் உங்குளுது. எனக்காக எழுத வேண்டாம், இனி நான் படிக்க மாட்டேன்" என்றாள்.

ஜனவரி 13, செவ்வாய்

மாலையில் வீட்டுப்பாடம். கடிகாரப் படம் ஆறு, ஒவ்வொன்றுக்கும் கீழே மணி எழுத வேண்டும். கோகிலா பக்கத்திலேயே உட்கார்ந்து சீருடையை மடித்துக்கொண்டிருந்தாள். ஐந்து போட்டுவிட்டு ஆறாவதில் நின்ற மிருதுளா, நோட்டை எடுத்துக்கொண்டு அவளைத் தாண்டி என்னிடம் வந்தாள்.

"அம்மாவக் கேளு, அம்மிணி."

"அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாதுங்கப்பா. அம்மா இங்க இல்லீல்ல."

அவள் மனதில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை. கோகிலாவின் கை மட்டும் மடிப்பின் நடுவில் நின்றது. தலையை நிமிர்த்தவில்லை.

நோட்டை வாங்கினேன். சின்ன முள் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில், பெரிய முள் ஆறில். வெகுநேரம் பார்த்தேன். நெற்றியைச் சொறிந்தேன்.

"எனக்குத் தெரியலையே."

"போன வாரம் நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க."

"மறந்துருச்சு."

ரெஜினா டீச்சர் பார்ப்பதுபோலவே என்னை ஒரு பார்வை பார்த்தாள். நோட்டைப் பிடுங்கிக்கொண்டு போனாள். நான் அடுப்பைப் பார்க்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் அறையிலிருந்து கோகிலாவின் குரல் கேட்டது. முதலில் மெதுவாக, பிறகு தைரியமாக. பெரிய முள் எங்க இருக்குது, பாரு. அது ஆறுக்கு வந்துட்டா பாதி தூரம். தகர முள் சுற்றும் சத்தம் கேட்டது.

"அம்மா," மிருதுளா சொன்னாள், "அப்பாவுக்கு இது வராதுங்க. இனி கடிகாரத்துக்கு நீங்களே வாங்க."

மூன்றரை மணி.